தோட்டத்துப் பெண்களும் சுதந்திர அரசியலும்: பந்திங் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பந்திங், ஜுக்ரா, கேரித் தீவுப் பக்கம் பால்மரம் (ரப்பர் மரம்) நின்ற இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது, இல்லாவிட்டால் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள். லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுத் தாமானுக்கு வந்த குடும்பங்களில் இரண்டு பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழும். ஒன்று, “எங்கப் பாட்டி ஜான்சி ராணி படையில இருந்தாங்க.” இன்னொன்று, “தோட்டத்துப் பொம்பளைக்கு அரசியல் என்னத்த தெரியும்?” ஜான்சி ராணி படை, சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த பெண்கள் படை. முதலாவதை நம்புவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது தவறு. குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கும் பள்ளி ஒப்படைப்பு செய்கிற பிள்ளைகளுக்கும் அவர்களுக்கு உதவும் ஆசிரியர்களுக்கும் இந்தப் பதில்கள்.

பால் வெட்டப் போன பெண்ணுக்கும் இந்திய தேசிய அரசியலுக்கும் என்ன சம்பந்தம்?

அவள் அந்த அரசியலுக்குள் தானாகப் போவதற்கு முன்பே, அவளைப் பேசுபொருளாக உள்ளே இழுத்துவிட்டார்கள். ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்க இந்தியாவில் நடந்த பிரசாரத்தில் அதிகம் எடுபட்டது கூலிக் கணக்கோ சாவுக் கணக்கோ அல்ல. கடல் கடந்த பெண்ணின் ‘மானம்’. 1913-இல் பிஜித் தீவில் மேற்பார்வையாளனிடமிருந்து தப்ப ஆற்றில் குதித்த குந்தி என்ற பெண்ணின் செய்தி இந்தியப் பத்திரிகைகளில் வந்ததும், மேடைக்கு மேடை அதுவே பேச்சானது. 1917-இல் ஒப்பந்த ஆள் எடுப்பு நின்றதற்கு அந்தக் கொதிப்பும் ஒரு காரணம்.

மலாயாவில் ஒப்பந்த முறை 1910-இலேயே முடிவுக்கு வந்துவிட்டது. இங்கே ஆட்களைக் கொண்டுவந்தவர் கங்காணி. ஆனாலும் அதே பேச்சு இங்கும் வந்தது. ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு, அதனால் ஒழுக்கம் கெட்டது என்றார்கள். எண்ணிக்கை பொய்யில்லை: 1931 குடிமதிப்பில், ஆயிரம் இந்திய ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட மலாயாவில் இல்லை. அதற்குச் சொன்ன விளக்கத்தில்தான் கோளாறு. துரைமார் ‘கூலிப் பெண்கள் ஒழுக்கம் கெட்டவர்கள்’ என்றார்கள். தேசியத் தலைவர்கள் ‘எங்கள் பெண்களைக் கெடுத்துவிட்டீர்கள்’ என்றார்கள். பழி யார் மேல் என்பதில்தான் சண்டை. அவள் கெட்டுப்போனவள் என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. நாற்பது காசுக்கு அவள் என்ன வேலை செய்தாள் என்று இருவருமே அதிகம் கேட்கவில்லை.

நாற்பது காசு என்பது என்ன கணக்கு?

1920-களின் கடைசியில், போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களுக்கு அரசு வகுத்த நிர்ணயக் கூலி, நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு (சென்ட்), பெண்ணுக்கு 40 காசு. உள்தள்ளிய இடங்களில் 58, 46. மாதம் 26 நாள் பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றால் ஆணுக்கு 13 வெள்ளி (டாலர்), பெண்ணுக்கு 10 வெள்ளி 40 காசு. வித்தியாசம் 2 வெள்ளி 60 காசு.

இந்த வித்தியாசம் வேலையைப் பார்த்து வந்ததல்ல. ஒரு தொழிலாளி மாதம் எவ்வளவு அரிசி, பருப்பு, எண்ணெய், துணி வாங்குவார் என்று பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலிலிருந்து கூலியை வகுத்தார்கள். பெண்ணுக்கு வயிறு சின்னது என்பது பட்டியலின் முடிவு. சமைப்பது, தண்ணீர் தூக்குவது, விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விடுவது இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

1930-களின் விலைச் சரிவில் இந்தக் கூலியும் விழுந்தது. 1936 கடைசியில் இந்திய அரசு அனுப்பிவைத்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி, பழைய 50–40 விகிதத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். கங்காணி ஆள் எடுப்பை நிறுத்தவும் சொன்னார். ஐம்பதும் ஐம்பதும் என்று சொல்ல அவருக்கும் தோன்றவில்லை.

“பொண்டாட்டிய இழுத்துட்டுப் போயிட்டான்” என்ற வழக்குகள் பழைய பத்திரிகைகளில் ஏன் இவ்வளவு?

குற்றவியல் சட்டத்தின் 498-ஆவது பிரிவுதான் காரணம். 1860-இல் இந்தியாவுக்கு எழுதப்பட்ட சட்டத்திலிருந்து மலாயாவுக்கு வந்தது. தவறான உறவுக்காக இன்னொருவன் மனைவியை ஆசைகாட்டி அழைத்துப்போனால், அழைத்துப்போனவனுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கணவன் புகார் கொடுக்கலாம். மனைவிக்கு அந்த உரிமை கிடையாது. பெண் தன் விருப்பத்தில் போனாளா, அடி தாங்காமல் போனாளா என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. அவள் களவு போன பொருள்.

இந்த வழக்குச் செய்திகளைப் படிக்கும்போது இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். முதலாவது, நீதிமன்றத்தில் அந்தப் பெண் என்ன சொன்னாள் என்பது சில சமயம் ஒரு வரியாவது இருக்கும். தோட்டத்துப் பெண்ணின் சொந்த வாக்கு அச்சில் ஏறிய மிகச் சில இடங்களில் இது ஒன்று. இரண்டாவது, அவள் ‘மனைவி’ என்பதே கேள்வியாக இருக்கும். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு கிடையாது. முஸ்லிம் அல்லாதார் எல்லாருக்கும் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கி, ஒருவனுக்கு ஒருத்தி என்று வைத்த 1976-ஆம் ஆண்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1-இல்தான். 498-ஐப் பொறுத்தவரை, 2023 டிசம்பரில்தான் கூட்டரசு நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்று தள்ளியது.

1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் பெண்கள் பிரச்சினை இருந்ததா, வெறும் சம்பளச் சண்டையா?

இருந்தது, அதுவும் எழுத்தில். 1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூர் தோட்டங்களில் பரவிய இந்தப் போராட்டத்தின் முன்னணியில், தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்த ஆர்.எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் இருந்தார்கள். தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் தோட்ட வாழ்க்கை அப்படியே தெரியும்: சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கொடுமைக்காரக் கிராணி (தோட்டக் கணக்கர்), டிரசர்களை (தோட்ட மருத்துவ உதவியாளர்களை) நீக்க வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூட வேண்டும், பேசவும் கூடவும் உரிமை, துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை, பெண்கள் மீது வெள்ளைக்காரரும் ‘கறுப்பு வெள்ளைக்காரரும்’ கைவைப்பதை நிறுத்த வேண்டும்.

அந்தக் ‘கறுப்பு வெள்ளைக்காரர்’ என்ற சொல்லை விட்டுவிட்டு எழுதாதீர்கள். வெள்ளைத் துரையை மட்டும் குற்றவாளியாக்கினால் கதை சுலபமாக முடிந்துவிடும். தோட்டத்துக்காரர்கள் நம்மவரையும் சேர்த்தே பட்டியலில் எழுதினார்கள்.

ஆனால் இன்னொன்றும் உண்டு. கோரிக்கையின் வாசகம் ‘தொழிலாளரின் வீட்டுப் பெண்களை’ என்று போகிறது. பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்து வேலைக்குப் போன அந்தப் பெண்ணும் தொழிலாளிதான். வாசகத்தில் அவள் தொழிலாளியின் சொத்து. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டவர்கள், ஆணுக்குச் சமமான கூலியைப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. மே மாதம் நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனது, சிலாங்கூரில் அவசரநிலை போட்டார்கள்.

கள்ளுக்கடை எதிர்ப்பைப் பெண்கள் அரசியலில் சேர்க்கலாமா?

தாராளமாக. சம்பள நாளன்று கையில் வந்த 13 வெள்ளி கள்ளுக்கடையைத் தாண்டி வீடு வருமா என்பதுதான் லயத்துப் பெண்ணின் மாத பட்ஜெட். போருக்குப் பின் கெடா ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் கிளம்பிய தொண்டர் படை, கள்ளுக்கடை மறியலைக் கையில் எடுத்தது. 1947 தொடக்கத்தில் பீடோங்கில் போலீசோடு மோதலும் நடந்தது.

சுயமரியாதை இயக்கம் இதில் எங்கே வருகிறது?

தேசிய இயக்கத்துக்குப் பக்கத்தில், பல நேரம் எதிரில். பெரியார் 1929 கடைசியில் மலாயா வந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் செங்கற்பட்டு மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை, விதவை மறுமணம் என்று தீர்மானம் போட்டிருந்தது. அதன் சூடு இங்கேயும் வந்தது. 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம், 1935-இல் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு பத்திரிகை. புரோகிதர் இல்லாத திருமணம், சாதி ஒழிப்பு, பெண் கல்வி எல்லாம் தோட்டத்து வாசக சாலை வரைக்கும் போனது.

தேசியவாதிக்குப் பெண் பாரதமாதா. சுயமரியாதைக்காரருக்குப் பெண் ஒரு ஆள். பெண்ணுக்கு மட்டும் கற்பு என்ன என்று கேட்டது இரண்டாமவர்தான். அதற்காக மேடையில் பேசியதெல்லாம் வீட்டில் நடந்தது என்று எழுதிவிடாதீர்கள். சீர்திருத்தச் சங்கப் படங்களில் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணினாலே போதும்.

ஜான்சி ராணி படை எப்போது, எங்கே, யார் தொடங்கியது?

சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலை 2-இல் சிங்கப்பூர் வந்தார். பெண்கள் படை வேண்டும் என்று அந்த மாதமே அறிவித்தார். சென்னையில் பிறந்து, மருத்துவம் படித்து, 1940-இல் சிங்கப்பூர் வந்து மருத்துவமனை நடத்திக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமை ஏற்றார். 1943 அக்டோபர் 21-இல் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார்கள். மறுநாள் 22-ஆம் தேதி சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் பெண்கள் முகாம் திறந்தது. படையின் பெயர் 1858-இல் களத்தில் இறந்த ஜான்சி ராணி லட்சுமிபாயுடையது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், பலர் இந்திய மண்ணையே மிதிக்காதவர்கள். சிவகங்கை வேலு நாச்சியார் பெயர் ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: பெயர் வைத்தவர் வங்காளி, வைத்தது ஓர் அகில இந்தியப் படைக்கு.

எண்ணிக்கையில் எச்சரிக்கை தேவை. ‘ஆயிரம் பெண்கள்’ என்பது மேடைக் கணக்கு. பிற்கால ஆய்வு நானூற்றைம்பது அளவில் வைக்கிறது. ஒப்படைப்பில் எழுதும்போது ‘சில நூறு’ என்று போட்டால் தப்பில்லை.

தோட்டத்துப் பெண்கள் ஏன் சேர்ந்தார்கள்? தேசப்பற்றா, பசியா?

இந்தக் கேள்வியில் ‘அல்லது’ போட்டால் விடை தப்பாகத்தான் வரும். ஜப்பான் காலத்தில், அதாவது ஜப்பானியர் மலாயாவைப் பிடித்து ஆண்ட போர்க்காலத்தில், ரப்பர் வாங்க ஆளில்லை. பால்வெட்டு பெரும்பாலும் நின்றது. அரிசி போய் மரவள்ளி வந்தது. துணி கிடைக்காமல் சாக்கைக் கட்டியவர்கள் உண்டு. சிப்பாய்களுக்குப் பயந்து பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அவசரக் கல்யாணம் செய்துவைத்தார்கள். இதற்கு நடுவில் ஆண்களைச் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள்: மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேல், பெரும்பாலும் தமிழர். 415 கிலோமீட்டர் பாதை முடிந்தது 1943 அக்டோபரில், அதாவது வாட்டர்லூ தெரு முகாம் திறந்த அதே மாதம்.

புருஷனோ அண்ணனோ திரும்பாத லயத்தில் இருந்த பெண்ணுக்கு, முகாம் என்றால் மூன்று வேளை சாப்பாடு, காக்கி உடுப்பு, எழுத்துப் படிப்பு, கதவுக்கு வெளியே காவல். கூடவே, ‘ஏய்’ என்று மட்டுமே கூப்பிடப்பட்டவளைப் பெயர் சொல்லி அணியில் நிறுத்திச் சல்யூட் வாங்கிய அனுபவம். அதை வெறும் பசி என்று தள்ளிவிட முடியாது.

சங்கடமான பகுதியும் உண்டு, மறைக்க வேண்டாம். ஆண்களைச் சயாமுக்கு ஏற்றிய ஜப்பானியரே படைக்கும் ஆதரவு தந்தவர்கள். போஸ் தலைமையில் இயங்கிய இந்திய சுதந்திர லீக் அந்த ஆள் பிடிப்பைத் தடுத்து நிறுத்தவில்லை. ஒரே லயத்தில் ஒரு வீட்டில் போஸ் படம் மாட்டியிருக்கும், அடுத்த வீட்டில் அந்தப் பேரையே எடுக்க மாட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் அவரவர் நியாயம் இருக்கிறது.

படைக்குள் ஆணுக்குச் சமமாக நடத்தினார்களா?

பயிற்சியில் ஏறக்குறைய ஆம். அணிநடை, நீண்ட தூர நடை, .303 ரைஃபிள், பிரென் துப்பாக்கி, கைக்குண்டு, வரைபடம் பார்ப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ரோமன் எழுத்தில் இந்துஸ்தானியும் கற்க வேண்டும். தமிழ் எழுத்தே அப்போதுதான் பழகியவர்களுக்கு அது இரட்டைப் பாரம். தனிச் சமையல், தனிப் பந்தி கிடையாது. தோட்டத்துப் பெண்ணும் கிராணி மகளும் ஒரே வரிசையில் தட்டு ஏந்தினார்கள். சாதி பார்த்துத் தண்ணீர் எடுத்த காலத்தில் இது சின்ன விஷயமல்ல.

சேருவதற்கு அப்பா அல்லது கணவனின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தேசத்துக்காகச் சாகப் போகிறவளும் வீட்டு ஆணின் கையெழுத்தோடுதான் போகலாம். அதிகாரிகளாக உயர்ந்தவர்களில் ஆங்கிலம் படித்த நகரத்துப் பெண்களே அதிகம். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் சிப்பாய்கள்.

போர்முனையில் சண்டை போட்டார்களா?

இல்லை. 1944 இம்பால் படையெடுப்பின்போது பர்மாவில் மேமியோ வரை சென்றார்கள், காயம்பட்டவர்களுக்குச் செவிலியராக உழைத்தார்கள், குண்டு வீச்சுக்கு நடுவே இருந்தார்கள். முன்னணிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டும் அந்த வாய்ப்பு வரவில்லை. 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியது பெரும் துன்பம்: பகலில் ஒளிந்து, இரவில் சேற்றில் நடை, ரயிலில் போன பிரிவு தாக்கப்பட்டதில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். ‘இம்பாலில் வெள்ளைக்காரனைச் சுட்டார்’ என்று பாட்டியின் நினைவு மலரில் போடுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். உண்மையில் செய்ததே போதுமான அளவு பெரியது.

எங்கள் பாட்டி படையில் இருந்தாரா என்று எப்படி உறுதிசெய்வது?

பாட்டியோ, அவரோடு இருந்த தங்கையோ தோழியோ பேசும் நிலையில் இருந்தால் முதலில் பேச்சு, கடைசியில் படம். இணையத்தில் கிடைக்கும் காக்கி உடுப்புப் படத்தை எடுத்தவுடன் காட்டினால், அடுத்த நிமிடம் அந்தப் படமே அவர் நினைவாகிவிடும். பலரும் சறுக்குவது இங்கேதான். அவர் இல்லை என்றால், கேட்டுச் சொன்ன மகனிடமோ மகளிடமோ இதே கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டு ஒப்பிடுங்கள்.

வயதைக் கணக்குப் போடுங்கள். அடையாள அட்டை வந்தது 1948-இல், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில். தோட்டத்தில் பலருடைய பிறந்த ஆண்டும் கிராணி முகத்தைப் பார்த்துப் போட்டது. மூன்று நான்கு ஆண்டு முன்பின் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்தும் 1943-இல் பத்து வயதுதான் வருகிறது என்றால், அது பெரும்பாலும் சிறுவர்களுக்கான பாலக் சேனா.

எங்கே பயிற்சி என்று கேளுங்கள். தோட்டத்துப் பந்துத் திடலில் மாலையில் லெஃப்ட் ரைட் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர் என்றால், இந்திய சுதந்திர லீக்கின் உள்ளூர்க் கிளையில் இருந்திருப்பார். படையில் இருந்தவர் வீட்டை விட்டு முகாமில் தங்கியவர். ரயில் பயணம், சிங்கப்பூர் முகாம், சிலருக்கு ரங்கூன் என்று கதை இடம் மாறும். பாலக் சேனா, லீக், படை மூன்றுமே அரசியல்தான், ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

சொற்களைக் கேளுங்கள். முகாமில் இருந்தவர் வாயில் எழுபது ஆண்டு கழித்தும் இந்துஸ்தானிக் கட்டளைச் சொல் இரண்டு மூன்றாவது தங்கியிருக்கும். ‘கதம் கதம் படாயே ஜா’ என்ற நடைப்பாட்டைப் பொருள் தெரியாமலே பாடுவார்கள். நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். ‘நடக்கும்போது என்ன பாடுவீங்க பாட்டி?’ என்று மட்டும் கேளுங்கள்.

பெட்டியில் இருக்கும் காகிதத்தைப் பாருங்கள். ரசீதிலோ படத்தின் பின்னாலோ 2603 என்று இருந்தால் அச்சுப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். அது ஜப்பானிய ஆண்டுக் கணக்கு: 2602 என்றால் 1942, 2603 என்றால் 1943, 2604 என்றால் 1944. சில தாள்களில் ஷோவா 18 என்றிருக்கும், அதுவும் 1943-தான். நகை கொடுத்ததற்கான ரசீது, லீக் உறுப்பினர் அட்டை ஆகியவை படையில் இருந்ததற்குச் சான்றல்ல, நன்கொடைக்கும் உறுப்பியத்துக்கும்தான் சான்று.

எந்த ஆவணத்தில் தேடுவது? பெயரே கிடைக்கவில்லையே.

பெயர்தான் முதல் முட்டுக்கட்டை. லட்சுமி என்ற ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் லெட்சுமி, லச்சுமி, லெட்சுமியம்மா என்று பல விதமாக எழுதியிருப்பார்கள். முனியம்மா, மாரியாயி, அஞ்சலை எல்லாவற்றுக்கும் இதே கதி. ஐந்தாறு எழுத்துக்கூட்டலை முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள். ‘ஏ/பி’ என்ற மகள் குறிக்குப் பின்னால் வரும் அப்பா பெயரையும் சேர்த்துப் பார்த்தால் ஆள் மாறாது.

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழம் பத்திரிகைத் தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன், ஜப்பான் காலத்து சியோனான் ஷிம்புன், தமிழ் முரசு எல்லாம் கட்டணமில்லாமல் தேடலாம். பெயரைப் போட்டு ஒன்றும் வராவிட்டால் தோட்டத்தின் பெயரோடு, ‘தமிழ்ப் பெண்’, ‘கூலிப் பெண்’, ‘பால்வெட்டுப் பெண்’ என்பதற்கான அக்கால ஆங்கிலச் சொற்களைப் போடுங்கள். பெண்ணின் பெயரை அச்சிடும் வழக்கம் குறைவு. ‘ஒரு கூலியின் மனைவி’ என்றே இருக்கும். கணவர் பெயரில் தேடினால் அவர் தட்டுப்படுவார்.

கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் இருக்கின்றன. அடையாள அட்டையோடு போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். கோப்பு எண்ணை முன்னரே இணையப் பட்டியலில் பார்த்துக் குறித்துப் போனால் அரை நாள் மிச்சம். இந்தியாவின் தேசிய ஆவணக் காப்பகம் ‘அபிலேக் படல்’ என்ற தளத்தில் இந்திய தேசிய ராணுவக் கோப்புகளை ஏற்றியிருக்கிறது.

தோட்டத்தின் பெயரிலும் ஏமாறலாம். நாம் தமிழில் கூப்பிட்ட பெயர் ஒன்று, கம்பெனிக் கணக்கில் வேறொன்று. டிவிஷன் பெயர் இன்னொன்று. கம்பெனிகளும் கைமாறின: சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் மூன்றும் 2007-இல் ஒன்றாயின. பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) கிடைத்தால் அதில் பெயருக்கு முன்னால் இருக்கும் தொழிலாளர் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். அதே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள், எண் ஒருவருக்குத்தான். தோட்டத் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும் கைகொடுக்கும்.

போருக்குப் பிறகு இந்தப் பெண்கள் என்ன ஆனார்கள்?

பெரும்பாலோர் வீடு திரும்பிப் பால் வெட்டப் போனார்கள். ‘ஆம்பளைங்களோட முகாம்ல இருந்தவ’ என்ற பேச்சுக்குப் பயந்து பலர் வாய் திறக்கவில்லை; புருஷனுக்கே சொல்லாதவர்கள் உண்டு. 1948 ஜூனில் அவசரகாலம் வந்ததும், தொழிற்சங்கம் என்று வாயெடுத்தாலே ஆபத்து. 1949 மே மாதத்தில் தொழிற்சங்கத் தலைவர்கள் எஸ்.ஏ. கணபதி தூக்கில், வீரசேனன் துப்பாக்கிக்கு. லயத்தைச் சுற்றி முள்வேலி, அரிசிக்கு அளவு. பழைய படை உடுப்பை எரித்தது இந்தக் காலத்தில்தானா, ஜப்பானியர் சரணடைந்த 1945-இலா என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

பெயர் தெரிய வந்தவர்கள் சிலர். கோலாலம்பூரில் பிறந்து பதினெட்டு வயதில் சேர்ந்த ஜானகி (பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன்) 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் அமைந்தபோது தொடக்க உறுப்பினர், பிறகு செனட்டர், 2000-இல் இந்தியா பத்மஸ்ரீ வழங்கியது. ஈப்போவில் பிறந்து பதினாறு வயதில் சேர்ந்த ராசம்மா பூபாலன் ஆசிரியரானார். 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி, ஆண் ஆசிரியருக்குச் சமமான சம்பளம் கேட்டுப் போராடினார். 1941 பட்டியலில் விட்டுப்போன கோரிக்கை அது. ஆனால் இருவரும் நகரத்து, படித்த குடும்பத்துப் பெண்கள். தோட்டத்திலிருந்து போனவர்களில் இந்த அளவுக்குப் பெயர் தெரிந்த ஒருவரைச் சொல்லுங்கள் என்றால் தடுமாறுவோம்.

மலாய், சீனப் பெண்கள்?

அதே காலம், வேறு பாதை. 1946-இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த மலாயன் யூனியன் ஆட்சித் திட்டத்தின் எதிர்ப்பில் மலாய்ப் பெண்கள் ஊர்வலமாகத் தெருவுக்கு வந்தார்கள். இடதுசாரிப் பக்கம் சம்சியா பாகே தலைமை தாங்கிய ‘அவாஸ்’ பெண்கள் இயக்கம் 1948-இல் தடையானது. மலாய்க்காரர் கட்சியான அம்னோவில் 1949 முதல் ‘கவும் இபு’, அதாவது தாய்மார் பிரிவு. பெயரைக் கவனியுங்கள்: அங்கேயும் பெண் அரசியலுக்கு வந்தது தாயாகத்தான். அந்தப் பிரிவின் தலைவி கதீஜா சிடேக் பெண்களுக்கு அதிக இடம் கேட்டுக் கடைசியில் கட்சியிலிருந்தே நீக்கப்பட்டார். 1955 முதல் பொதுத்தேர்தலில் வென்ற ஒரே பெண் ஹலிமாத்தோன், உலு சிலாங்கூரில். சீனப் பெண்கள் ஜப்பான் எதிர்ப்புப் படையில் காட்டில் ஆயுதம் தாங்கியிருந்தார்கள். அதற்குத் தனிப் பக்கமே வேண்டும்.

பாட்டியிடம் என்ன கேட்பது? ‘எனக்கு ஒண்ணும் தெரியாது’ என்கிறார்.

‘சுதந்திரப் போராட்டத்தில் உங்கள் பங்கு என்ன?’ என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். பொருளிலிருந்து தொடங்குங்கள். ஜப்பான் காலத்தில் உப்பு எப்படிக் கிடைத்தது? தாத்தா சயாமுக்குப் போனபோது செக்ரோலில் உங்கள் பேர் இருந்ததா? சம்பளத்தை யார் கையில் கொடுத்தார்கள்? கள்ளுக்கடை எந்தப் பக்கம் இருந்தது? கிராணி வீட்டு முன்னால் குடை பிடித்துப் போகலாமா? இப்படிக் கேட்டால் கூட்டம், சங்கம், படை எல்லாம் தானாக வரும்.

முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இன்னொரு நாள் போங்கள், இரண்டாம் தடவைதான் உள்ளது வரும். காற்றாடியை நிறுத்துங்கள், கைப்பேசியைப் பறக்கும் நிலையில் வையுங்கள், தொடக்கத்தில் தேதியும் இடமும் சொல்லிப் பதிவு செய்யுங்கள், அன்றே இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள். மகனோ மருமகளோ பக்கத்தில் உட்கார்ந்து ‘அப்படி இல்லம்மா’ என்று திருத்தினால் பேச்சு அங்கேயே நின்றுபோகும். அவர்களைக் கொஞ்ச நேரம் கடைக்கு அனுப்பலாம். ஜப்பான் சிப்பாய், கிராணி என்று வரும் இடத்தில் அவர் சட்டென்று பேச்சை மாற்றினால், நீங்களும் மாற்றிவிடுங்கள். அந்த இடத்தில் நின்றார் என்பதைக் குறிப்பில் எழுதினால் போதும். அடையாள அட்டை எண், வீட்டு முகவரி தெரியும் படத்தை இணையத்தில் ஏற்ற வேண்டாம். ஏற்றுவதற்கு முன் அவரிடம் போட்டுக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். இந்தத் தடவை கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும், மகனுடையது வேண்டாம்.